மரப்பொந்தில் ஆந்தைக் குடும்பம்: வீட்டுத் தோட்டத்தில் பார்ப்பதும் காப்பதும்

சங்கரன்கோவிலில் ஆந்தை பார்க்க ஊரை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றிய ரத வீதிகளிலிருந்து சில தெருக்கள் தள்ளிப் போனால், பின்கட்டில் ஒரு வேம்போ பூவரசோ முருங்கையோ நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருவானாலும் பெரிய மரம் ஒன்று நின்றால் அதில் ஆந்தைக்கு இடம் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டினால் சாலையோரப் புளியமரங்கள், பனைகள், பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் விளைகிற நிலங்கள். ஒதுங்கப் பொந்து, தின்னப் பூச்சியும் எலியும், உட்கார்ந்து நோட்டம் விட ஒரு கிளை அல்லது கம்பம் என ஆந்தைக்கு வேண்டிய மூன்றும் இங்கே சேர்ந்து கிடைக்கின்றன.

கூடு வைத்திருக்கும் பறவையைப் பார்ப்பதற்கு ஒரே அளவுகோல்தான். நம்மைக் கண்டு ஆந்தை தன் வேலையை நிறுத்தாமல் இருக்கிற தூரம் எதுவோ, அதுவே சரியான தூரம். இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற யோசனைகள் எல்லாம் அந்த ஒன்றைக் கடைப்பிடிப்பதற்கான வழிகள்.

யார் குடியிருக்கிறார்கள்

வீட்டுத் தோட்டத்தில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் புள்ளி ஆந்தைதான். மைனா அளவு, சுமார் 21 சென்டிமீட்டர், ஆனால் உருண்டை உடம்பு. சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண்கள், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். இரவுக்காக மட்டும் காத்திருக்கிற பறவை அல்ல இது. குளிர்ந்த காலை வேளையில் பொந்து வாசலில் வெயில் காயும். பொழுது சாய்வதற்கு முன்பே வெளியே வந்துவிடும். ஆளைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்க்கும். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஆந்தை கிடையாது.

அடுத்தது கூகை. நம் பக்கத்தில் சாக்குருவி என்று சொல்வார்கள். இதய வடிவில் வெள்ளை முகம், கருங்கண், பொன்னிற முதுகு, வெண்மையான அடிவயிறு. உயரம் ஏறக்குறைய ஒன்றே கால் அடி வரை. பழைய கட்டடங்கள், கோபுர மாடங்கள், ஆள் புழங்காத கிட்டங்கிகள், பெரிய மரங்களின் ஆழமான பொந்துகள் இதற்குப் பிடிக்கும். இதன் குஞ்சுகள் இரை கேட்கும்போது நீளமாகச் சீறும். பாழடைந்த மச்சிலிருந்து வரும் அந்தச் சீறலைப் பாம்பு என்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தி சாய்ந்த பிறகு தொடங்கி இரவெல்லாம் விட்டுவிட்டு வந்தால், அது பெரும்பாலும் கூகைக் குஞ்சுதான்.

கொம்பன் ஆந்தை கல்குவாரி, ஓடைக்கரை, பாறை இடுக்கு என்று வாழ்கிற பெரிய பறவை. அது பாறை விளிம்பிலும் தரையிலும் முட்டையிடும். தோட்டத்து மரத்துக்கு வராது என்பதால் அதை வேறிடத்தில் பார்ப்போம்.

பொந்தைக் கண்டுபிடித்தல்

ஆந்தை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. மரங்கொத்தி கொத்திவிட்டுப் போன துளை, கிளை முறிந்த இடத்தில் உளுத்து உண்டான குழி, தலை முறிந்த பனை அல்லது தென்னை, பழைய சுவரின் ஓட்டை என்று கிடைத்த இடத்தில் குடியேறும். மைனாவும் பச்சைக்கிளியும் அதே பொந்துக்குப் போட்டி போடும். அதனால் முதல் வேலை, உங்கள் தோட்டத்திலும் தெருவிலும் உள்ள பழைய மரங்களில் எங்கெங்கே பொந்து இருக்கிறது என்று பகலில் பார்த்துக் குறித்துக்கொள்வது. வேம்பு, புளி, வாகை, பூவரசு, இலுப்பை, நாவல், மா ஆகியவற்றின் முதிய மரங்களை விடாதீர்கள்.

குடியிருப்பு உண்டா என்று அறிய மரத்தடியைப் பாருங்கள். ஒரே இடத்தில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை எச்சம், அதன் நடுவே விரல் பருமனில் காய்ந்த கருநிற உருண்டைகள், வண்டின் ஓடுகள் கிடந்தால் மேலே ஆந்தை உட்காருகிறது என்று பொருள். பொந்தின் கீழ் உதடு வழவழவென்று தேய்ந்திருந்தால் அது புழக்கத்தில் உள்ள வாசல்.

காதையும் பயன்படுத்துங்கள். பகலில் காக்கை, கரிச்சான், மைனா, அணில் எல்லாம் ஒரு கிளையைச் சுற்றிக் கூச்சல் போட்டால் அங்கே ஆந்தை மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்குவதே இந்தக் காட்சியை வைத்துத்தான். இரவில் காக்கைக்குப் பகையான பறவையைப் பகலில் எல்லாம் கூடி விரட்டும். அந்தக் கூச்சலைக் கேட்டுப் போனால் ஆந்தை இருக்கிற கிளை தெரிந்துவிடும். தெரிந்ததும் விலகி வந்துவிடுங்கள். நீங்களும் போய் நின்றால் அது வேறு கிளைக்குத் தாவும், காக்கைகள் மீண்டும் துரத்தும்.

மாதக் கணக்கு

புள்ளி ஆந்தை நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே முட்டையிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் மாலைகளில் சோடியின் கிறீச்சொலி கூடும். ஒன்று தொடங்க மற்றொன்று சேர்ந்துகொள்ளும். பொந்து முடிவாகிவிட்டது என்பதன் அடையாளம் அது.

பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகள். தூய வெள்ளை, ஏறக்குறைய உருண்டை. முதல் முட்டை இட்ட உடனே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காது. மூத்ததற்கும் இளையதற்கும் வளர்த்தியில் நன்றாக வித்தியாசம் தெரியும். இரை குறைந்த ஆண்டில் கடைக்குட்டி பிழைப்பது கடினம். இது இயற்கை வைத்திருக்கிற ஏற்பாடு. நாம் உள்ளே புகுந்து சரிசெய்ய முடியாது.

அடைகாப்பு சுமார் ஒரு மாதம். பொரித்த பின் குஞ்சுகள் பொந்தில் இருப்பது இன்னும் ஒரு மாதம். பங்குனி, சித்திரையில் குஞ்சுகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும். ஆடித் தபசுக்கு ஊர் நிறையும்போது பொந்து பெரும்பாலும் காலியாகியிருக்கும். கூகைக்கு இப்படிக் கறாரான பருவம் இல்லை. எலி மிகுந்தால் வேறு மாதங்களிலும் முட்டையிடும். நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை உண்டு. குஞ்சுகள் கூட்டை விட இரண்டு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம்.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். முட்டையிட்ட முதல் சில வாரங்கள்தான் மிக நுட்பமான காலம். அப்போது தொந்தரவு செய்தால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். அந்த நாட்களில் மரத்தடிக்கே போகாதீர்கள். திண்ணையிலோ மாடியிலோ இருந்து பார்த்தால் போதும்.

எங்கே, எப்படி உட்காருவது

மரத்திலிருந்து குறைந்தது இருபது முப்பது அடி தள்ளி, பொந்து வாசல் பக்கவாட்டில் தெரியும்படி உட்காருங்கள். வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் ஆந்தை இரையோடு வரும் பாதையை அடைத்தது போலாகிவிடும். சுவர், செடி, கொடியில் காயப்போட்ட துணி என ஏதாவது ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டால் உங்கள் உருவம் தனியாகத் துருத்தித் தெரியாது.

பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே வந்து அசையாமல் இருங்கள். ஆந்தை வெளியே வந்த பிறகு நீங்கள் நடந்து வந்தால் அதற்கு நீங்கள் ஓர் ஆபத்து. வருவதற்கு முன்பே அங்கே இருந்தால் நீங்கள் அந்த இடத்தில் ஒரு பொருள். நாள்தோறும் ஒரே இடத்தில் உட்காருவது இன்னும் நல்லது.

எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். இருட்டிய பின் டார்ச் அடிக்க வேண்டியிருந்தால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, தரையை மட்டும் காட்டுங்கள். பொந்துக்குள் வெளிச்சம் பாய்ச்சக் கூடாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. செல்போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். வேறொரு ஆந்தை தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நம்பி, அடைகாப்பை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். குச்சி விட்டுப் பார்ப்பது, கேமரா கம்பியை உள்ளே நுழைப்பது, ஏணி வைப்பது எல்லாமே கூட்டைக் கெடுக்கிற வேலைகள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் அடங்கும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரு மாலையில் நடப்பது

முதலில் பொந்து வாசலில் முகம் மட்டும் தெரியும். அப்படியே சில நிமிடங்கள் இருக்கும். கண்விழி குழிக்குள் அசையாது என்பதால் பார்க்க வேண்டிய திசைக்கெல்லாம் தலையையே திருப்பும். கழுத்தில் பதினான்கு எலும்புகள் இருப்பதால் முக்கால் வட்டம் வரை திருப்ப முடிகிறது. பிறகு வெளியே வந்து பக்கத்துக் கிளையில் உட்காரும். உடனே பறக்காது. ஒரு பக்க இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துக் கீழே நீட்டி நெட்டி முறிக்கும், பின்பு மறுபக்கம். உடம்பைச் சிலிர்த்துச் சிறகுகளை ஒழுங்காக்கும். சோடியும் வெளியே இருந்தால் இரண்டும் தோள் உரச உட்கார்ந்து ஒன்றின் முகத்தை மற்றொன்று கோதிவிடும்.

தெருவிளக்கு எரிந்ததும் வேலை தொடங்கும். விளக்கைச் சுற்றும் ஈசல், விட்டில், வண்டு, தரையில் ஓடும் கரப்பான் ஆகியவை புள்ளி ஆந்தையின் அன்றாட உணவு. மின்கம்பியில் உட்கார்ந்து குறிபார்த்துத் தொப்பென்று இறங்கி, காலால் பற்றிக்கொண்டு மேலே போகும். குஞ்சுகள் இருக்கும் காலத்தில் சுண்டெலி, பல்லி, ஓணான் போன்ற பெரிய இரையும் வரும். எதைக் கொண்டுவந்தது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது என்று கவனியுங்கள். அடைகாக்கும் காலத்தில் ஆண் கொண்டுவருவது குறைவு. அதை வாசலிலேயே பெண் வாங்கிக்கொள்ளும். குஞ்சு பொரித்ததும் வருகை சட்டென்று பெருகும், உள்ளேயிருந்து கரகரத்த சத்தம் கேட்கும். பொந்துக்குள் பார்க்காமலேயே குஞ்சு பொரித்ததை இப்படித் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, பொழுது சாய்ந்த நேரம், முதலில் முகம் தெரிந்த நேரம், வெளியே வந்தவை எத்தனை, இரை என்ன, யார் தொந்தரவு செய்தது என்று ஆறு பத்திகள் போட்டு எழுதி வாருங்கள். திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடர்ந்து இயற்கை பற்றிய பத்தி எழுதினார். காட்டு யானையைக் கவனித்த அதே அக்கறையோடு வீட்டைச் சுற்றி வாழும் பறவைகளையும் அணில்களையும் கவனித்து எழுதியவர். பக்கத்தில் இருப்பதைப் பொறுமையாகப் பார்த்து அன்றன்றே குறித்துவைப்பதை அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் தெருவின் ஆந்தையையும் சேருங்கள். ஆனால் கூடு இருக்கும் மரத்தை மட்டும் பொதுவெளியில் சொல்லாதீர்கள். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. பறவைப் பிடிகாரனுக்கு நாமே வழிகாட்டியாகிவிடக் கூடாது.

கக்கல் உருண்டையைப் பிரித்தல்

ஆந்தை இரையைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பு, மயிர், வண்டின் ஓடு ஆகியவை இரைப்பையில் உருண்டு வாய்வழியே வெளியே விழும். இது எச்சம் அல்ல. காய்ந்த உருண்டைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பழைய பேனா நிப்பாலும் சாமணத்தாலும் மெதுவாகப் பிரியுங்கள். புள்ளி ஆந்தையின் உருண்டையில் மினுமினுக்கும் வண்டு ஓடுகளும் வெட்டுக்கிளிக் கால்களும் மிகுதி. கூகையின் உருண்டை பெரியது. அதில் மஞ்சள் முன்பற்களோடு எலியின் மண்டையோடு முழுசாகவே கிடைக்கும். அதை வெள்ளைத்தாளில் ஒட்டிக் காய வைத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஆந்தை உழவனுக்கு நண்பன் என்று வாயால் சொல்வதைவிட அந்த மண்டையோடு நன்றாகப் புரியவைக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்க வேண்டாம்.

தரையில் ஒரு குஞ்சு கிடந்தால்

சித்திரையில் இது அடிக்கடி நடக்கும். நன்றாகப் பறக்க வருமுன்பே குஞ்சுகள் பொந்தை விட்டுக் கிளைக்கு வந்துவிடும், தவறிக் கீழேயும் விழும். அதை அநாதை என்று நினைக்காதீர்கள். பெற்றவை பக்கத்து மரத்தில்தான் இருக்கும்.

உடம்பில் இறகு முளைத்து, கண் விழித்து, காலூன்றி நிற்கிற குஞ்சானால், ஒரு துணியால் பொத்தி எடுத்து, நாயும் பூனையும் எட்டாத உயரத்தில் அதே மரத்தின் கிளையில் விட்டுவிட்டு விலகுங்கள். மனிதன் தொட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது உண்மையல்ல. இருட்டிய பின் பெற்றவை வந்து ஊட்டும். கிளை எட்டாவிட்டால் சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு மரத்தில் கட்டி அதில் விடலாம்.

பாலும் சோறும் ரொட்டியும் ஊட்டாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ உடனே தகவல் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். ஆந்தைக்கும் அது கேடுதான்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது

ஒரு கூடு தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. ஆந்தை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்கிற பயத்தில்தான் பல பொந்துகள் அடைக்கப்படுகின்றன. பயப்படுகிறவரைப் பரிகாசம் செய்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி கேட்டார்: “எய்யா, சாக்குருவி கத்துன வீட்ல துக்கம் விழும்பாகளே, அதைப் போயி காப்பாத்தணும்ங்கியே?” நான் சொன்னேன்: “ஆச்சி, ராத்திரி முழிச்சுக் கெடக்குறது நோயாளி இருக்குற வீடுதான். விளக்கு எரியும், பூச்சி வரும், அதைத் தின்ன இதுவும் வரும். கத்துறது நம்ம காதுல விழுறதும் அந்த ராத்திரிதான்.” சற்று யோசித்துவிட்டு, “குலுக்கையில எலி நடமாட்டம் கொறஞ்சிருக்குன்னு நானும் பார்த்தேன்” என்றார் ஆச்சி. அவர் வீட்டு வேம்பில் பொந்து இன்னும் அடைபடவில்லை.

பயத்தைப் போலவே நெருக்கமும் பழையது. நற்றிணையின் 83-ஆம் பாட்டில், ஊர் வாசலில் நீர்த்துறையை ஒட்டிய பழைய மரத்தில் வாழும் கூகையிடம் தோழி பேசுகிறாள். இரவில் காதலன் வரும் நேரத்தில் குரலெழுப்பி ஊரை எழுப்பிவிடாதே, உனக்கு இறைச்சியும் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறேன் என்கிறாள். பெருந்தேவனார் பாடியது. கூகை எங்கே வாழும், எப்போது கத்தும், என்ன தின்னும் என்பது மூன்றும் அந்தப் பாட்டில் சரியாக இருக்கின்றன. நம் முன்னோர் ஆந்தையை ஊர்க்காரனாகவே கண்டிருக்கிறார்கள். பெரியவர்களிடம் பேசும்போது இந்தப் பாட்டைச் சொல்லுங்கள், ஈடுபாட்டோடு கேட்பார்கள்.

வயல்காரரிடம் எலி மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். ரத்தம் உறையாமல் செய்கிற புரோமாடையோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும் அந்த எலியை ஆந்தை எளிதாகப் பிடிக்கும், நஞ்சு அதன் உடம்பிலும் சேரும். எலியைத் தின்கிற பறவையைக் கொன்றுவிட்டால் அடுத்த போகத்தில் எலி இன்னும் பெருகும். பொறி, கிட்டி, வரப்பைச் சிறிதாக வைப்பது, வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுவது ஆகிய வழிகளை வேளாண் துறையும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. டி வடிவில் இரண்டு கம்புகளைக் கட்டி ஆளுயரத்துக்கு நட்டால் போதும். இரவில் ஆந்தை அதில் உட்கார்ந்து வேலை பார்க்கும். கதிர் முற்றும் தறுவாயில் பகலில் தானியம் தின்னும் பறவைகள் உட்காராமல் இருக்கக் குச்சிகளை எடுத்துவிட வேண்டும்.

மரத்தை வைத்திருப்பது

இளங்கன்று எத்தனை நட்டாலும் பொந்துள்ள கிழமரம் ஒன்றுக்கு ஈடாகாது. வேம்பில் ஆந்தை நுழையும் அளவுக்குப் பொந்து விழப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதனால் பட்டுப்போன கிளை வீட்டின் மேலோ பாதையின் மேலோ சாயாதவரை அதை விட்டு வையுங்கள். மொட்டைப் பனையும் அப்படியே. பொந்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள்.

கிளை கழிக்க வேண்டுமானால் ஆடி முதல் புரட்டாசிக்குள் கழித்துவிடுங்கள். மழைக்காற்றுக்கு முன்பு மரமும் சீராகும், கூட்டுக்கும் இடைஞ்சல் இராது. மின்வாரியத்தார் கம்பிக்கு இடைஞ்சலான கிளையை வெட்ட வரும்போது பொந்துள்ள கிளையைக் காட்டி, குஞ்சு பறக்கும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். சாலையோர மரத்துக்கு ஆபத்து என்று தெரிந்தால் நகராட்சிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நேரில் கேட்பதைவிட அதற்குப் பலன் அதிகம்.

பழைய மரம் ஏற்கெனவே போய்விட்ட தோட்டத்தில் மரப்பெட்டி வைத்துப் பார்க்கலாம். புள்ளி ஆந்தைக்கு அடிப்பக்கம் எட்டு அங்குலச் சதுரம், உயரம் ஓரடி, மேல்பகுதியில் மூன்று அங்குல வாசல், அடியில் தண்ணீர் வடிய நான்கு துளைகள், உள்ளே ஒரு கை மரத்தூள். பெயிண்ட் அடிக்காத பலகையாக இருக்கட்டும். மேற்கு வெயில் படாத பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், ஐப்பசிக்குள் கட்டிவிடுங்கள். மைனா முந்திக்கொண்டால் அதையும் இருக்க விடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் தெருவில் பொந்துள்ள மரங்களை எண்ணி, யார் வீட்டு மரம், என்ன மரம் என்று எழுதி, அந்த வீட்டாரிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். தை மாதத்தில் எந்தப் பொந்தில் முகம் தெரிந்தாலும், அதைக் காக்க இரண்டு வீட்டார் முன்கூட்டியே இருப்பார்கள்.